தகரச் சீட்டும் பற்றுச்சீட்டும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட கூலியாட்களின் கழுத்தில் ஒரு சிறு தகர வில்லை தொங்கிற்று. அதில் பெயர் இல்லை, ஊரும் இல்லை. இரண்டு எண்கள் மட்டுமே பொறிக்கப்பட்டிருந்தன. ஒன்று அவர் போய்ச் சேரவேண்டிய தோட்டத்தின் பதிவெண். மற்றது ஆளின் எண். எழுத்தறியாத மனிதர் வழியில் எவரிடமும் எதையும் விளக்கவேண்டுவதில்லை. வில்லையைக் காட்டினால் போதும். உணவும், படகும், புகையிரதமும் கிடைத்துவிடும். செலவுக் கணக்கு அந்த எண்ணைப் பின்பற்றித் தோட்டத்துரையின் மேசைக்குச் செல்லும். புகையிரதத்தில் ஏற்றும் பொதிக்கு ஒட்டுகின்ற சீட்டுக்கும் இதற்கும் மிகுந்த வேறுபாடு இல்லை என்று எவரேனும் கூறினால் மறுப்பது கடினம்.

ஒரு நாட்டிலுள்ள முதலாளி பிறிதொரு நாட்டுத் தொழிலாளரை வரவழைக்க விரும்பினால், இக்காலத்தில் அதற்கென விதிகளும், படிவங்களும், குடிவரவுத் திணைக்களங்களும் இருக்கின்றன. அந்த விதிகள் எத்துணை விரிந்து பரந்தாலும் அவற்றின் அடியில் கிடக்கும் கேள்விகள் சிலவே. வழிச்செலவு யாருடையது? வருகின்றவருக்காக உத்தரவாதம் கூறுபவர் யார்? வேலை முடிந்தபின், அல்லது வேலை பிடிக்காதபோது, அவர் எங்கே போவது? இவற்றோடு சேர்த்து எண்ணவேண்டிய நான்காவது கேள்வி ஒன்றுண்டு. அவருடைய பெயர் எழுதிய காகிதம் யாருடைய பெட்டியில் இருக்கின்றது? மத்திய மலைநாட்டின் வரலாற்றை இக்கேள்விகளை முன்வைத்துப் படித்தால், பழகிய செய்திகள் சில புதிய ஒளியில் தோன்றுகின்றன.

கோப்பிக் காலத்தில் விதிகள் என்று சொல்லத்தக்கவை மிகக் குறைவு. தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளூடே ஏறத்தாழ 150 மைல் நடந்து மாத்தளையை அடைந்தார்கள். வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் அவ்வழியில் பலரைக் கொண்டன. கோப்பி அறுவடை முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். 1869-ஆம் ஆண்டில் கோப்பிச் செடியைப் பற்றிய இலைநோய் அப்பயிரை அழிக்கத் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1867-இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராக நட்டிருந்தார். தேயிலையின் இயல்பு வேறு. கொழுந்து ஆண்டு முழுவதும் தளிர்க்கும். ஆண்டு முழுவதும் பறிக்கவேண்டும். பருவத்துக்கு வந்து போகின்ற ஆண்களைக் கொண்டு அதை நடத்த இயலாது. பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பங்கள் வேண்டும்; அவர்கள் தங்க லயங்கள் வேண்டும். புகையிரதம் 1884-இல் அட்டனையும், 1885-இல் நானுஓயாவையும் அடைந்தபோது மலையின் முகமே மாறிவிட்டது.

அக்குடும்பங்களை அழைத்து வந்தவர் கங்காணி. பிஜித் தீவுக்கும், நேட்டாலுக்கும், மொரீசியசுக்கும் சென்றவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துச் சென்றார்கள். இலங்கைக்கு வந்தவர்களுக்கு அத்தகைய ஒப்பந்தம் இல்லை. ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து விலகலாம் என்பது சட்டம். இதனைத் துரைமார் பெருமையோடு எடுத்துரைப்பதுண்டு. ஒப்பந்தம் இல்லை என்பது உண்மையே. ஆனால் கடன் இருந்தது.

தோட்டத்துரை கங்காணியிடம் முன்பணம் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். கங்காணி தம் ஊரிலும் அண்டை ஊர்களிலும், பெரும்பாலும் தம் உறவினரிடையேயும் சாதியாரிடையேயும், ஆள் சேர்ப்பார். ஊரில் வட்டிக்கு வாங்கிய கடனை அடைப்பது, புறப்படுமுன் வீட்டுக்கு நெல் வாங்கிப் போடுவது, வழியில் சோறு, படகுக்கூலி யாவும் அந்த முன்பணத்திலிருந்தே நடக்கும். தோட்டத்தை அடைந்தபோது அத்தொகை முழுவதும் தொழிலாளர் பெயரில் பற்றாக நிற்கும். கணக்கை வைத்திருப்பவர் கங்காணி. எழுதத் தெரியாதவர் கடனாளி. பெரட்டில் நாள்தோறும் இத்தனை பேர் நின்றால் இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசும் உண்டு. ஆகவே தம் ஆள் வேலைக்கு வருவதிலும், தம்மை விட்டு நீங்காதிருப்பதிலும் அவருக்கு இரட்டை அக்கறை. கங்காணியை முற்றிலும் கொடியவராகச் சித்திரிப்பது எளிது. அவர் சேர்த்த ஆட்களுக்கு அம்மலையில் தமிழ் பேசுகின்ற ஒரே பாதுகாப்பாளரும் அவரே. நோயுற்றால் துரையிடம் பேசுபவரும், கலியாணத்துக்கும் சாவுக்கும் பணம் கொடுப்பவரும் அவரே. கொடுக்குந்தோறும் பற்று ஏறும் என்பதுதான் அதிலுள்ள துன்பம்.

இந்தக் கடன் எவ்வாறு ஒருவரைக் கட்டிப்போட்டது என்பதற்குத் ‘துண்டு’ நல்ல சான்று. ஒரு தோட்டத்திலிருந்து ஒரு கங்காணியும் அவருடைய ஆட்களும் நீங்க விரும்பினால் துரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். இன்ன கங்காணி, இத்தனை ஆட்கள், இவ்வளவு ரூபாய் கடன். அத்தொகையைக் கட்டுபவரிடம் இவர்களை விட்டுவிடச் சம்மதம் என்பதே அதன் சாரம். ஆள் தேவைப்படும் அடுத்த தோட்டம் தொகையைக் கட்டி அவர்களை ஏற்றுக்கொள்ளும். கங்காணி மேலும் கொஞ்சம் முன்பணம் கேட்பார், அதுவும் சேரும். அடுத்த துண்டில் தொகை கூடியிருக்கும். இவ்விதம் ஒரு மலைச் சரிவிலிருந்து மறு சரிவுக்குப் போகும்போதெல்லாம் தொழிலாளர் செய்யாத செலவு அவர் தலையில் ஏறிக்கொண்டே போயிற்று. துரைமார் ஒருவரோடொருவர் போட்டியிட்டு ஆள் பிடித்த காலத்தில் துண்டு ஏறத்தாழ ஒரு சந்தைப் பண்டமாகவே விளங்கியது. பேரம் பேசப்பட்டவர்களின் சம்மதத்தை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கடனோடு சட்டமும் சேர்ந்துகொண்டது. 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டு நீங்குவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சொல் தவறிய முதலாளிமீது வழக்காடலாம். சொல் தவறிய தொழிலாளரையோ சிறையில் அடைக்கலாம். அதே மலைக்கு ஸ்கொட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த துரைமாரும் கடல் கடந்து வேலைக்கு வந்தவர்கள்தாம். கம்பெனியின் உத்தியோகத்தில் அமர்ந்தபின் அவர்களுக்கு மலைமேல் பங்களா உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தாய்நாட்டுக்குச் சென்றுவர நீண்ட விடுமுறையும் உண்டு. அந்தக் கப்பற் செலவை எவரும் துரையின் கடன் என்று பேரேட்டில் எழுதவில்லை.

துரைமார் சங்கத்தின் முயற்சியால் 1904-இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தொழில் ஆணையகம் ஒன்று நிறுவப்பட்டது. தனித்தனிக் கங்காணிகளின் கையிலிருந்த ஆள்சேர்ப்பை ஒழுங்குபடுத்துவது அதன் நோக்கம். தகரச் சீட்டு வழங்கியதும் இக்காலத்தில்தான். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 22 மைல் கடலைக் கப்பல் கடந்தது. மண்டபத்தில் பெரிய முகாம் ஒன்று அமைந்தது. காட்டுவழி நடை முடிவுற்றது. உயிர்ச் சேதத்தை எண்ணிப் பார்த்தால் இது சிறிய நன்மையன்று.

உண்மையான மாற்றம் 1922-இலும் 1923-இலும் வந்தது. ஒப்பந்தக் கூலிமுறைக்கு எதிராக இந்தியாவில் எழுந்த கிளர்ச்சியின் பயனாக, அம்முறையின் கீழ் ஆள் அனுப்புவது 1917-இலேயே நிறுத்தப்பட்டிருந்தது. துண்டு முறையும் 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கையில் ஒழிக்கப்பட்டது. அடுத்து இந்திய அரசு 1922-ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டத்தை இயற்றியது. கைத்தொழிற் பயிற்சி இல்லாத தொழிலாளரை அரசு அறிவித்த நாடுகளுக்கு, அரசு ஏற்ற நிபந்தனைகளோடு மட்டுமே அனுப்பலாம் என்று அது விதித்தது. அதற்கு இணங்க இலங்கையும் 1923-ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

அதன் நடைமுறை கவனிக்கத்தக்கது. ஆள் சேர்க்கும் கங்காணிக்கு உரிமச் சீட்டு வேண்டும். எந்தத் தோட்டத்துக்காகச் சேர்க்கிறார் என்பது அதில் இருக்கவேண்டும். புறப்படுகின்றவர் கிராம அதிகாரி முன்னிலையில் தம் விருப்பத்தைக் கூறவேண்டும். பிறகு திருச்சிராப்பள்ளி வழியாக மண்டபம். அங்கே அம்மை குத்துவார்கள். சில நாள்கள் தங்கவைத்து நோய் உண்டா என்று பார்ப்பார்கள். பெயர்களைப் பதிவு செய்வார்கள். தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கினால் புகையிரதம் காத்திருக்கும். மதவாச்சி, அனுராதபுரம், மாகோ வழியாகப் பொல்காவலை. அங்கிருந்து மலையேறும் பாதை. வெயிலில் பிறந்து வளர்ந்தவர்கள் அட்டனிலோ நானுஓயாவிலோ அதிகாலைக் குளிரில் ஒரு கம்பளிகூட இல்லாமல் இறங்கி நின்ற காட்சியை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இந்தப் பயணத்துக்கான செலவு முழுவதையும் ஒரு பொது நிதி ஏற்றுக்கொண்டது. தோட்ட முதலாளிகள் அனைவரும் அந்நிதிக்குப் பணம் செலுத்தவேண்டும். தொழிலாளரிடமிருந்து அதைத் திரும்ப அறவிடக் கூடாது. அறுபது எழுபது ஆண்டுகளாக அவரைப் பிணித்திருந்த முதற்கடன் இந்த ஒரு விதியால் அற்றது. கண்டியில் இந்திய அரசின் முகவர் ஒருவர் அமர்த்தப்பட்டார். தோட்டங்களுக்குச் சென்று பார்க்கவும் முறைப்பாடுகளைக் கேட்கவும் அவருக்கு இடமிருந்தது. குறைந்த கூலியை வரையறுக்கும் சட்டம் 1927-இல் இயற்றப்பட்டது. இவை யாவற்றினும் மேலானதாகச் சொல்லத்தக்க விதி ஒன்றுண்டு. வந்து ஓராண்டுக்குள் உடல்நலம் கெட்டாலோ, கொடுக்கப்பட்ட வேலை தம் ஆற்றலுக்கு ஒவ்வாதிருந்தாலோ, முதலாளி நியாயமின்றி நடத்தினாலோ, தொழிலாளரைச் செலவின்றி ஊருக்குத் திருப்பி அனுப்பவேண்டும். ‘வேலை பிடிக்கவில்லை என்றால் எங்கே போவது?’ என்ற கேள்விக்கு அக்காலத்தில் கிடைத்த நேர்மையான விடை இதுவே.

எனினும் மற்றக் கட்டுகள் தொடர்ந்தன. கங்காணியின் கடன் கொடுக்கும் வழக்கம் ஒரு சட்டத்தால் மறைந்துவிடவில்லை. வேலையை விட்டு நீங்குபவருக்குத் துரை பற்றுச்சீட்டு எழுதிக் கொடுக்கவேண்டும். அச்சீட்டு இல்லாதவரை வேறு தோட்டம் சேர்த்துக்கொள்வது அரிது. கணவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுத்தால் மனைவிக்கும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. லய அறை வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் கூரையும் போயிற்று. தகரச் சீட்டு உள்ளே வருவதற்கான காகிதம் என்றால், பற்றுச்சீட்டு வெளியே போவதற்கான காகிதம். இரண்டையும் எழுதும் கை முதலாளியுடையது.

1930-ஐ அடுத்த பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை வீழ்ந்தபோது பல்லாயிரவர் நிதியின் செலவில் ஊருக்கு அனுப்பப்பட்டனர். 1939-இல் இலங்கை அரசு தன் திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியத் தொழிலாளரை நீக்க முற்பட்டது. ஜவஹர்லால் நேரு அவ்வாண்டு யூலை மாதத்தில் கொழும்புக்கு வந்து பேசியும் பயன் விளையவில்லை. அவ்வருகையின்போதே இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. 1939 ஆகஸ்ட் முதலாம் தேதியன்று இந்தியா இலங்கைக்குத் தொழிலாளர் வருவதைத் தடைசெய்தது. ஒரு நூற்றாண்டாக ஓடிய ஆறு ஒரே நாளில் அடைபட்டது. 1946-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இந்தியத் தமிழர் என்று எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 7,80,000 பேர். அவர்களுள் பலர் இம்மலையிலேயே பிறந்தவர்கள், மண்டபத்தைக் கண்டறியாதவர்கள்.

முதலாளியின் பேரேடு எத்துணை வலியது என்பது சுதந்திரத்துக்குப் பின்னர்தான் வெளிப்பட்டது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இவர்களுள் பெரும்பாலோரை வெளியே நிறுத்தியது. 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பம் செய்ய ஒரு வாயிலைத் திறந்தது. 1946 சனவரி முதல் தேதிக்கு முன்னர், மணமானவராயின் ஏழு ஆண்டுகளும், மணமாகாதவராயின் பத்து ஆண்டுகளும் இடையறாது இந்நாட்டில் வசித்திருக்கவேண்டும். ஒருமுறை ஊருக்குச் சென்று பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் அவ்வசிப்பு அறுந்ததாகும்.

வசித்ததை எதனால் நிறுவுவது? நிலப் பத்திரம் இல்லை; வீட்டுவரி இரசீது இல்லை. பல பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழும் இல்லை. பெரட்டில் பெயர் கூப்பிட்டு எழுதிய செக்ரோல், தோட்டப் பதிவேடு, பழைய பற்றுச்சீட்டு ஆகியவையே ஓர் ஏழைத் தொழிலாளருக்கு இருந்த வரலாறு. அவற்றுள் பெரும்பாலானவை தோட்டக் காரியாலயத்தின் அலுமாரியில் கிடந்தன. நல்ல துரை எடுத்துக் கொடுத்தார். கைமாறிய தோட்டத்தில் ஏடுகள் கிடைக்கவில்லை. கங்காணி தம் விருப்பப்படி எழுதிய பெயர், செக்ரோலில் ஒருவிதமாகவும் விண்ணப்பத்தில் வேறுவிதமாகவும் இருந்தது. முத்தம்மாள் முத்தாயி ஆனதற்கும், இராமசாமி இராமன் ஆனதற்கும் விசாரணை அதிகாரி முன்னிலையில் விடை சொல்லவேண்டியிருந்தது. தாயின் நோய்க்கும் தங்கையின் கலியாணத்துக்கும் ஊருக்குப் போய்வந்தவர்கள் அந்தப் பயணத்தை ஒளிக்கவும் இயலாமல், கூறவும் அஞ்சித் திகைத்தார்கள்.

இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் விண்ணப்பத்தைப் புறக்கணிக்கச் சொல்லிற்று. பின்பு காலம் முடியுந் தறுவாயில் விண்ணப்பிக்கச் சொல்லிற்று. கொள்கையளவில் அதற்கு நியாயம் இருந்திருக்கலாம். தோட்டத்துத் தொழிலாளர் காகிதம் தேடுவதற்கு அந்த மாதங்கள் எவ்வளவு தேவைப்பட்டன என்பதை நோக்கும்போது, அத்தாமதம் வருந்தத்தக்கதே. 1951 ஆகஸ்ட் 5-ஆம் தேதியுடன் கெடு முடிந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரை உள்ளடக்கிச் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் சென்றன. இறுதியில் அச்சட்டத்தின்கீழ்க் குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர்.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 9,75,000 பேர் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம். (அவர்களை இரு நாடுகளும் 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.) ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதங்கள் நிறைவதற்குள், அவ்வாண்டு டிசம்பரில், சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. பாட்டனார் கப்பல் ஏறிய துறை பேரன் திரும்பும்போது இல்லை. தாயகம் திரும்புவோரை ஏற்றிய கப்பல் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் சென்றது. இறங்கியவர்களுள் பலரை முதலில் ஏற்றுக்கொண்ட இடம் மண்டபம் முகாம். அரை நூற்றாண்டுக்கு முன் அம்மை குத்திப் பெயர் பதிந்து அனுப்பிய அதே முகாமில், குடும்ப அட்டையைக் கையிற் பிடித்துக்கொண்டு, பெரியவர்கள் மீண்டும் வரிசையில் நின்றார்கள். சிலர் நீலகிரிக்குச் சென்று, 1968-இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். 1984-இல் கப்பல் போக்குவரத்து நின்றது. எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டங்கள் 1988-இலும் 2003-இலும் இலங்கையில் இயற்றப்பட்டன. 1964 அக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிலையாக வசித்தவரும் அவர் வழித்தோன்றல்களும் குடிமக்களே என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. அவ்வாண்டின் இறுதியில் தோட்டந்தோறும் அதிகாரிகளும் தொண்டர்களும் சென்று படிவங்களை வாங்கியபோது, பத்து நாள்களில் ஏறத்தாழ 1,90,000 பேர் குடியுரிமை பெற்றனர். 1951-இல் அலைக்கழித்த காரியம் மனம் வைத்தால் பத்து நாள் வேலை என்பது அப்பொழுது விளங்கிற்று.

இன்று மலைநாட்டிலிருந்து ஆட்கள் வெளியே செல்கின்றனர். கொழுந்துக் கூலி போதாத குடும்பங்களிலிருந்து பெண்கள் சவூதி அரேபியா, குவைத், ஐக்கிய அரபு அமீரகம் முதலிய நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குப் போகின்றார்கள். அந்நாடுகளின் விதிப்படி, வரவழைக்கும் முதலாளியே பொறுப்பாளர். அப்பெண்ணின் வசிப்பு அனுமதி அவர் பெயரோடு கட்டப்பட்டது. அவரை விட்டு நீங்கினால் அனுமதியும் நீங்கும். ‘ஓடிப்போனவர்’ என்று பொலிசில் எழுதிவைக்கலாம். 2020-இல் கட்டார் நாடு இக்கட்டைப் பெரும்பாலும் தளர்த்தியது. சவூதி அரேபியா 2021-இல் செய்த தளர்வு வீட்டுப் பணியாளரைச் சேரவில்லை. புறப்படுவோரைப் பதிந்து காக்கும் பொறுப்பு, 1985-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு உரியது.

ஆயின் ஊருக்குள் வருபவர் பணியகத்தின் அதிகாரி அல்லர், உபமுகவர். அவர் அதே தோட்டத்தவராகவோ பக்கத்துத் தோட்டத்தவராகவோ இருப்பார். குடும்பத்தை அறிந்தவராக இருப்பார். போக ஒப்புக்கொண்டால் வீட்டில் முன்பணம் வைப்பார். கூரைத் தகரம் மாற்றவும், அடகு வைத்த தோட்டை மீட்கவும் அது உதவும். வேலை ஒவ்வாமல் சில மாதங்களில் திரும்ப விரும்பும் பெண்ணிடம், அந்த முன்பணத்தையும் சீட்டுக்கும் விசாவுக்கும் செய்த செலவையும் வைத்துவிட்டுப் போ என்று கூறுவதுண்டு. அப்போது அவருடைய கடவுச்சீட்டு பெரும்பாலும் வீட்டுக்காரரின் அலுமாரியில் இருக்கும். ஓராண்டுக்குள் ஒவ்வாவிடில் நிதியின் செலவில் ஊருக்கு அனுப்புக என்ற 1923-ஆம் ஆண்டு விதியைப் போன்ற ஒன்று, அவர் கையொப்பமிட்ட உடன்படிக்கையில் இருக்கின்றதா என்று புறப்படுமுன் வாசித்துச் சொல்ல, அந்த லயத்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்று உண்டு.